எஃப்ரைனின் நீர்யானை

லொரேன் டக்கெட் அளவுநாடாவைச் சுருட்டித் தன் இடுப்புப் பைக்குள் போட்டபோதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"முடியாது, எஃப்ரைன். வண்டி அகலத்தவிட உயரமா இருக்கு. இது வேகமா திரும்பினா உருளும். நான் உள்ள விடமாட்டேன்."

என் அண்ணன் எஃப்ரைன் ஊருட்டியா ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். "எங்கேருந்து எங்க அளக்குறீங்க?"

"அகலம்னா இடது டயர் நடுவுலேருந்து வலது டயர் நடு வரைக்கும். உயரம்னா தரையிலேருந்து கூரை உச்சி வரைக்கும். உயரம் அகலத்தத் தாண்டக்கூடாது. எங்கப்பா வந்தாலும் இதேதான்."

பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே, விமானங்கள் வருவது நின்றுபோன ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார் கிளப் அங்கே ஆரஞ்சுக் கூம்புகளை வளைத்து நெளித்து வைக்கும். வண்டிகள் ஒவ்வொன்றாக அவற்றுக்கிடையே ஓடி நேரம் பதிக்கும். கூம்பைத் தட்டினால் தண்டனை நேரம். லொரேன்தான் பல வருடங்களாகப் பாதுகாப்புச் சோதனை செய்கிறாள். அவள் தலையாட்டாமல் ஒரு வண்டியும் கோட்டைத் தொடாது.

பக்கத்தில் தன் தாழ்ந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரின் மேல் சாய்ந்து நின்ற பிரென்ட் ஹால்வர்சன் சிரித்தான். "ஏய் எஃப்ரைன், நீர்யானைய ஆத்துல விடுப்பா. இங்க எதுக்கு ஓட்டிட்டு வந்த?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, தங்கையான என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "மாரிக்ரூஸ், உன் பட்டறையில இடம் காலி பண்ணு."

அவனுக்கு அந்த ஓடுதளம் புதிதல்ல. எண்ணெய்க் கிணறுகளில் பம்பு பழுது பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டே இருக்கை கொண்ட ஒரு சின்னக் காரில் மாதாமாதம் அங்கே ஓட்டினான். பிறகு ஒரு குளிர்காலத்தில், கையை நீட்டினால் விரல் தெரியாத அந்தப் பள்ளத்தாக்கு மூடுபனியில், கம்பெனி வேன் சாலையோர வாய்க்காலில் உருண்டது. முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்வு இல்லை.

சின்னக் காருக்குள் அவனால் இறங்கவும் முடியவில்லை, வீல்சேரை வைக்கவும் முடியவில்லை. விற்றான். அதற்குப் பதிலாகத்தான் இந்த எஸ்யூவி. யாரோ ஓட்டிப் பழசாக்கியது, ஈர மணல் நிறம், ஆனால் எஞ்சின் மட்டும் பந்தயக் குதிரை. "கால்தான் போச்சு. அதுக்காக ஊர்ந்து போகணும்னு யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?" என்று கடைக்காரனிடமே கேட்டு வாங்கினான். ஸ்டீரிங்குக்கு இடப்பக்கம் ஒரு கைநெம்புகோல் வைத்துத் தந்தார்கள். முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம். வலது கை ஸ்டீரிங்கில் பொருத்திய உருண்டைக் குமிழைப் பிடித்துச் சுற்றும். கால் மிதிகளும் அப்படியே இருந்ததால் அண்ணி யோலண்டாவும் அதே வண்டியில் வேலைக்குப் போய்வந்தாள்.

என் பட்டறை ஆயில்டேலில் இருக்கிறது. டிங்கரிங், பெயின்ட் வேலை. அடிபட்ட வண்டிகளைச் சரிசெய்வது சோற்றுக்கு. வண்டிகளை அழகாக்குவது ஆசைக்கு. அண்ணன் வண்டியை உள்ளே விட்டதும் நான் என் கனவுகளை அவிழ்த்துவிட்டேன்.

"அண்ணா, முதல்ல பெரிய ரிம். பளபளன்னு. சக்கரம் வளைவை ரொப்பி நிக்கணும். அப்புறம் முன்னாடி பம்பர மாத்தி..."

"பெரிய ரிம் கனம். சின்ன ரிம், அகலமான டயர்."

"சின்ன ரிம்மா? கல்யாணத்துக்கு ரப்பர் செருப்பு போட்டுட்டுப் போற மாதிரி இருக்கும்."

"மாப்பிள்ளை ஓடணும்ல? ரப்பர் செருப்பே போதும்."

அன்று சண்டை போட்டோம். கடைசியில் அவன் விரும்பிய ரிம், நான் விரும்பிய நிறம் என்று முடிவானது.

அவன் முதலில் வண்டியைத் தாழ்த்தினான். அவசரப்பட்டு, குட்டையான ஸ்பிரிங்குகளை மட்டும் வாங்கிப் போட்டான். பழைய ஷாக் அப்சார்பர்கள் அப்படியே இருந்தன. பார்க்க வண்டி பதுங்கிய பூனைபோல இருந்தது. எனக்கே பிடித்துப்போயிற்று. ரவுண்ட் மவுண்டன் சாலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று இருவரும் கிளம்பினோம்.

நேர்ச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய்ப் பம்புகள் தலையாட்டும் மேட்டைத் தாண்டி முதல் வளைவு வந்தது. நடுவளைவில் சாலை ஒட்டுப்போட்டிருந்த இடத்தில் சக்கரம் ஏறி இறங்கியது. ஸ்பிரிங் அடிவரை போய் மோதியது. வண்டி குதித்தது, சாய்ந்தது, மறுபடி குதித்தது. நான் காலை ஊன்றி, கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். அவன் எதை ஊன்றுவான்? ஒரு கை நெம்புகோலில், ஒரு கை குமிழில். உடம்பு அப்படியே பெயர்ந்து கதவின் மேல் விழுந்தது. தலை கண்ணாடியில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. அந்த நிலையிலும் நெம்புகோலைத் தள்ளி வண்டியை நிறுத்தினான்.

கதவைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, வலிக்குதா?"

"இப்பத்தான் புரியுது, மாரிக்ரூஸ்." அவன் புருவத்துக்கு மேலே வீங்கத் தொடங்கியிருந்தது. "வண்டி சாயறதுதான் என்னோட முதல் எதிரி. அது சாஞ்சா நானும் சாயறேன். நான் சாஞ்சா கை வேலை செய்யாது."

வீட்டில் அண்ணி அந்த வீக்கத்தைப் பார்த்தாள். யோலண்டா கத்துகிற ஆள் இல்லை. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். பயந்த நோயாளிகளிடம் பேசுகிற அதே தணிந்த குரலில்தான் கோபத்தையும் காட்டுவாள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அவன் நெற்றியில் வைத்தாள்.

"எஃப்ரைன், ஒரு தடவை உருண்ட வண்டிக்குள்ளேருந்து உன்ன வெட்டி எடுத்தாங்க. ஆஸ்பத்திரி நடையில நான் உட்கார்ந்திருந்தேன். இப்ப, உருளும்னு அந்தம்மா வாய்விட்டுச் சொன்ன வண்டியிலயே போய் நீ விளையாடணுமா?"

"உருளாம இருக்கத்தான் யோலி இவ்வளவும் பண்றேன்."

"எதுக்குப் பண்ணணும்? அதச் சொல்லு."

ஐஸ் உருகி அவன் கன்னத்தில் வழிந்தது.

"எல்லா இடத்துலயும் எனக்குன்னு ஒரு தனி வழி வெச்சிருக்காங்க. சாய்தளம், பின்வாசல், தனி வரிசை. நல்ல மனசோடதான் வெச்சிருக்காங்க. ஆனா அந்த ஓடுதளத்துல எல்லாருக்கும் ஒரே கூம்பு, ஒரே கடிகாரம். அங்க யாரும் என்னப் பாத்துப் பாவம்னு சொல்லமாட்டான். நீர்யானைன்னு சொல்லுவான். எனக்கு அது வேணும்."

யோலண்டா துணியைப் பிழிந்தாள். என் பக்கம் திரும்பினாள். "இந்தக் குதிக்கிற ஸ்பிரிங்க வாங்கிப் போட்டது யாரு?"

"நான் இல்ல அண்ணி! சத்தியமா அவன்தான்."

"அரைகுறையா பண்ணாதீங்க. பண்ணா ஒழுங்கா பண்ணுங்க. இல்லேன்னா சாவியக் குடுத்துட்டு உட்காருங்க ரெண்டு பேரும்."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இரண்டாம் முறை அவன் அவசரப்படவில்லை. பட்டறையில் என் பழைய சோபாவில் கிடந்து, மார்பின் மேல் கணினியை வைத்துக்கொண்டு, யார் யார் இந்த மாதிரி வண்டியில் என்ன போட்டார்கள் என்று படித்தான். டெக்சஸில் ஒருவனுக்கு எழுதிக் கேட்டான். இறுக்கத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்கள் வந்தன. வண்டியின் ஒரு பக்கம் அமிழும்போது மறுபக்கத்தையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும் தடித்த குறுக்குக் கம்பிகள் முன்னும் பின்னும் வந்தன. லிஃப்டில் ஏற்றிய வண்டிக்கு அடியில் அவன் வீல்சேரை ஓட்டிச் சென்று அண்ணாந்து போல்ட் முடுக்குவான். எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்த தோள்கள் அவை. நான் இரண்டு கையாலும் தொங்கித் திருப்பும் போல்ட்டை அவன் ஒரு கையால் திருப்புவான்.

அகலமான டயர்கள் போட்டதும் அவை உடம்புக்கு வெளியே துருத்தின. அங்கேதான் என் ராஜ்ஜியம் தொடங்கியது. சக்கர வளைவுகளை அறுத்து, புதுத் தகடு வளைத்துப் பற்றவைத்து, வெளியே இழுத்தேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் வளைவை ஒட்டவே இல்லை. தகடுக்கும் உடம்புக்கும் நடுவே கோடு தெரியாமல் பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பார்த்துத் தேய்த்தேன். முன் பம்பருக்கு அடியில் காற்றை வெட்ட, உதடுபோல ஒரு தகடு செய்தேன். இப்போது வண்டி தோளை விரித்து நிற்கும் மல்யுத்தக்காரன்போல இருந்தது.

"அளந்து பாரு," என்றான்.

அளந்தேன். உயரம் இன்னும் மயிரிழை கூடுதலாக இருந்தது. மேலும் தாழ்த்தினால் மறுபடி அடி மோதும். அவன் வண்டியைச் சுற்றி ஒருமுறை வீல்சேரில் வந்தான். பிறகு தலையை உயர்த்தி, கூரையின் மேல் நீளவாக்கில் ஓடிய சாமான் கட்டும் கம்பிகளைப் பார்த்தான்.

"நாம எப்பவாவது கூரை மேல எதாவது கட்டியிருக்கோமா?"

"கிறிஸ்துமஸ் மரம்."

"இனிமே சின்ன மரமா வாங்கலாம். கழட்டு."

கழற்றி, ஓட்டைகளை அடைத்து, கூரையை வழுவழுப்பாக்கினேன். பிறகு நிறம். கற்றாழையின் சாம்பல் பூத்த பச்சை. வெயிலில் பார்த்தால் உள்ளுக்குள் வெள்ளி ஓடும். பெயின்ட் காய்ந்த அன்று வண்டியை வெளியே எடுத்தபோது, எதிர்ச் சாரி டயர் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே பட்டறைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இருக்கை மட்டும் தீராத தலைவலியாக இருந்தது. உடம்பைப் பிடித்துக்கொள்ள, இருபுறமும் விலா எலும்புபோல உயர்ந்த பக்கத் திண்டுள்ள பந்தய இருக்கை வேண்டும். ஆனால் அந்த விலாவைத் தாண்டி வீல்சேரிலிருந்து அவனால் உள்ளே போக முடியாது. தட்டை இருக்கை போட்டால் ஏறலாம், வளைவில் விழுவான். பந்தய இருக்கையை வாங்கி, கதவுப் பக்கத்து விலாவை நானே அறுத்தேன். கீழே கீல் வைத்து, வெளிப்புறமாக மடியும்படி செய்தேன். மடித்தால் அதுவே வீல்சேருக்கும் இருக்கைக்கும் நடுவே சின்னப் பாலம். ஏறி உட்கார்ந்து நிமிர்த்தி, ஒரு கொண்டியை இழுத்துவிட்டால் விலா இறுகும். வண்டியைத் தாழ்த்தியதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. இருக்கை இப்போது வீல்சேரின் மட்டத்திலேயே இருந்தது. அவன் முன்னைப்போல் எம்பி ஏறவேண்டியதில்லை. வழுக்கினாற்போல் உள்ளே போனான்.

ரவுண்ட் மவுண்டன் சாலையின் அதே வளைவு, அதே ஒட்டு. வண்டி ஒருமுறை முனகிவிட்டுத் தட்டையாகத் திரும்பியது. அவன் தலை அசையவில்லை. நான் கைதட்டினேன். அவன், "பேசாம இரு. இன்னொரு தடவை," என்றான். பல தடவை போனோம். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் இறங்கி ஷாக்கின் திருகை மாற்றச் சொன்னான். என் முழங்கால் தேய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணியும் எங்களோடு வந்தாள். மடியில் ஒரு கூடை புரிட்டோ, இறைச்சியும் பயறும் வைத்துச் சுருட்டிய ரொட்டி.

லொரேன் வண்டியைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். நாடாவை எடுத்தாள். சக்கரம், கூரை, மறுபடி சக்கரம். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

"சரியா இருக்கு," என்றாள்.

நான் துள்ளினேன். ஆனால் அவள் நாடாவைச் சுருட்டவில்லை.

"இன்னொண்ணு. முன்னாடியே சொல்லியிருக்கணும், எனக்கே நேத்துத்தான் தோணிச்சு. வண்டி தீப்பிடிச்சா, ஆள் தானா வெளிய வரணும். எல்லாருக்கும் உள்ள விதிதான். இதுவரைக்கும் யாரையும் நான் செஞ்சுகாட்டச் சொன்னதில்ல, அவசியம் வரல. உன்னக் கேக்கணும். யாரும் வீல்சேர் கொண்டு வரமாட்டாங்க. நீயா வெளிய வந்து, வண்டிய விட்டு விலகிப் போகணும்."

"இது என்ன புதுசா?" என்று நான் கத்தினேன். பிரென்ட்கூட, "லொரேன், வேணாமே," என்றான். அவளுடைய முகம் சிவந்திருந்தது. ஆனால் அவள் பார்வையை விலக்கவில்லை.

அண்ணன் அவளையே பார்த்தான். "நியாயமான கேள்வி," என்றான். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

உள்ளே ஏறி, இருக்கைப் பட்டைகளை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தினான். லொரேன் கையைக் காட்டினாள்.

பட்டைகள் கழன்றன. கதவு திறந்தது. கொண்டியைத் தட்டினான். விலா பாதியில் நின்றது. புதுக் கீல், வெயிலில் இறுகிப்போயிருந்தது. அவன் இன்னொரு முறை தட்டவில்லை. மேல் கூரைப் பிடியைப் பற்றி, உடம்பை விலாவுக்கு மேலே தூக்கி, பக்கவாட்டில் வெளியே சாய்ந்தான். விழுந்தான். சூடான தார்த்தளத்தில் தோள் மோதியது. கால்கள் பின்னாலேயே தொடர்ந்து சரிந்து, ஒரு ஷூ கதவடியில் சிக்கிக்கொண்டது. திரும்பி, கால்சட்டைத் துணியைப் பிடித்து இழுத்து விடுவித்தான். பிறகு முழங்கைகளை ஊன்றி, தவழ்ந்து, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு, கூட்டம் வழிவிட வழிவிட, வேலியோரம்வரை போனான்.

நான் ஓடப் பார்த்தேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் நகங்கள் என் தோலில் பதிந்தன. "வேணாம். அவன் முடிக்கட்டும்."

வேலியைத் தொட்டதும் அவன் மல்லாந்து படுத்தான். முழங்கை இரண்டிலும் ரத்தம். மூச்சு வாங்கியது.

"போதுமா லொரேன்? இல்ல, பார்க்கிங் வரைக்கும் போகணுமா?"

முதலில் சிரித்தது அண்ணிதான். பிறகுதான் மற்றவர்கள். லொரேன் வந்து அவன் பக்கத்தில் குந்தினாள். "போதும். அந்தக் கீல மட்டும் சரிபண்ணிட்டு ஓட்டு," என்றாள். பின்னால் திரும்பி உரத்த குரலில், "பிரென்ட்! அடுத்து உன் வண்டி. பட்டைய மாட்டு. வெளிய வா பாக்கலாம்," என்றாள்.

"நானா? எனக்கென்ன, கால் இருக்கு!"

"இருக்கட்டுமே. காட்டு."

நான் கீலுக்கு எண்ணெய் விட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரென்ட் தன் இருக்கைப் பட்டையைக் கழற்றத் தடுமாறுவதை நிமிர்ந்து பார்க்க எனக்கு நேரமில்லை. மற்றவர்கள் சிரித்த சத்தம்தான் கேட்டது.

முதல் ஓட்டத்தில் அண்ணன் கூம்புகளைச் சிதறடித்தான். முன்சக்கரங்கள் திரும்ப மறுத்து நேராகவே தள்ளிக்கொண்டு போயின என்றான். நான் முன் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தேன், பின் ஷாக்கை இறுக்கினேன். இரண்டாம் ஓட்டத்தில் கூம்பு ஒன்றுகூடச் சாயவில்லை, ஆனால் கோயிலுக்குப் போகிறவன்போல ஓட்டினான்.

மூன்றாவது ஓட்டத்துக்கு முன்னால் அண்ணி போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். கிளப்பில் அதற்கு அனுமதி உண்டு. யாரிடமோ இரவல் வாங்கிய ஹெல்மெட் அவள் கண்வரை இறங்கியிருந்தது.

"யோலி, நீ வந்தா கனம் கூடும்."

"என்ன குண்டுன்னு சொல்றியா? ஓட்டு."

கொடி விழுந்தது. அந்த எஞ்சின் உறுமியதை என் நெஞ்செலும்பில் உணர்ந்தேன். அவ்வளவு பெரிய வண்டி, கூம்புகளுக்கு நடுவே இடதும் வலதுமாகப் புகுந்து புறப்பட்டது. சாயவில்லை. டயர்கள் கிறீச்சிட்டன, பச்சை உடம்பு வெயிலில் வெள்ளியாகப் புரண்டது. கடைசி வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்கியது. ஸ்டீரிங்கை அவன் ஒற்றைக் கையால் எதிர்ப்பக்கம் திருப்பி, நெம்புகோலை மேலும் அழுத்தினான். பயந்தவன் விட்டுவிடுகிற இடம் அது. வண்டி நேரானது, கோட்டைக் கடந்தது.

பலகையில் நேரம் விழுந்தது. அண்ணன் பிரென்டுக்குக் கீழே இருந்தான், கொஞ்சம்தான் கீழே. ஆனால் தாழ்ந்த கார்கள் சிலவற்றுக்கு மேலே இருந்தது அவன் பெயர். பிரென்ட் வந்து கதவில் சாய்ந்தான். "இன்னும் நீர்யானைதான்," என்றான். "ஆனா இப்படி ஓடும்னு எனக்கு யாரும் சொல்லல." அண்ணன் கையை நீட்டினான். பிரென்ட் குலுக்கிவிட்டு, ஷாக் எங்கே வாங்கியது என்று விசாரித்தான்.

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றிக் காற்று வாங்கினாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது, கண்கள் மட்டும் வேறு மாதிரி இருந்தன.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"முதல் வளைவு வரைக்கும். அப்புறம் அவன் மூஞ்சியப் பாத்தேன்." புரிட்டோக் கூடையைத் திறந்தாள். முதலாவதை லொரேனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போது ஏதோ கேட்டாள். லொரேன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவது தெரிந்தது.

திரும்பி வந்தவள் வீல்சேரில் அமர்ந்திருந்த அண்ணனின் முழங்கைக் காயத்தைத் துடைத்தபடி, "ஒரே வண்டிய ரெண்டு பேர் ஓட்டலாமாம். மத்தியானச் சுத்துக்கு என் பேரக் குடுத்துட்டேன்," என்றாள்.

அண்ணன் வாயிலிருந்த புரிட்டோவை மெல்லாமல் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மாரிக்ரூஸ், பின் டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பாரு. இவ என்னவிட வேகமா ஓட்டினா அப்புறம் வீட்ல இருக்க முடியாது."